பசவனகுடியில் ஒரு காலை: பூங்காவும் சிற்றுண்டியும்

பெங்களூருக்கு வருகிற நம்மவர்கள் லால்பாக் பூங்காவை உச்சிவெயிலில் பார்க்கிறார்கள். எம்.டி.ஆர். உணவகத்துக்கு ஞாயிற்றுக்கிழமை காலை 9 மணிக்குப் போய் நிற்கிறார்கள். பிறகு, "ஒரே கூட்டம், கால்வலிதான் மிச்சம்" என்று ஊருக்குப் போய்ச் சொல்கிறார்கள். அதே இரண்டு இடங்களும் செவ்வாய்க்கிழமை காலையில் சீக்கிரம் போனால் வேறு மாதிரி இருக்கும். எந்தக் கிழமை, எந்த வாசல், எதற்குப் பிறகு எது என்பதைச் சரியாகப் பிடித்துவிட்டால், இந்தப் பெருநகரத்தின் நடுவிலேயே அரைநாள் நிம்மதியாக நடக்கலாம், நன்றாகவும் சாப்பிடலாம். நான் குடியிருக்கும் பசவனகுடியையும் அதை ஒட்டிய லால்பாக்கையும் வைத்து அதற்கான வழியைச் சொல்கிறேன்.

வரலாறு இவ்வளவு தெரிந்தால் போதும். 1898-இல் பெங்களூரில் பிளேக் பரவியபோது, நெரிசலான பழைய பேட்டைக்கு வெளியே காற்றோட்டமான குடியிருப்புகளை அமைத்தார்கள். பசவனகுடியும் மல்லேஸ்வரமும் அப்படி வந்தவை. அகலமான தெருக்கள், வரிசை மரங்கள், நடக்கும் தூரத்தில் கோயில், கடைத்தெரு, பூங்கா எல்லாம் அன்றைய திட்டத்தின் பலன். அதனால் இங்கே வண்டி வேண்டாம், கால்கள் போதும்.

முதலில் கிழமை

இடத்தைத் தேர்ந்தெடுக்கும் முன் கிழமையைத் தேர்ந்தெடுங்கள். இங்குள்ள பழைய உணவகங்கள் வாரம் ஒருநாள் விடுமுறை விடும் வழக்கத்தை இன்னும் விடவில்லை.

திங்கள்: எம்.டி.ஆர். விடுமுறை.
வெள்ளி: வித்யார்த்தி பவன் விடுமுறை.
ஞாயிறு: பிராமின்ஸ் காபி பார் விடுமுறை. திறந்திருக்கும் மற்ற இரண்டிலும் கூட்டம் தெருவரை நிற்கும்.

மீதமுள்ளவை செவ்வாய், புதன், வியாழன், சனி. சனிக்கிழமையும் கூட்டநாள்தான். ஆகவே செவ்வாய் முதல் வியாழன் வரை ஏதாவது ஒருநாளை ஒதுக்குங்கள். மூன்று கடைகளும் காலையில் திறந்து, முற்பகலில் மூடி, பிறகு மறுபடி திறப்பவை. 11 மணிக்குள் போய்விடுங்கள்.

சில நாட்களை முழுக்கத் தவிர்த்துவிடுங்கள். குடியரசு தினத்தையும் சுதந்திர தினத்தையும் ஒட்டி லால்பாக்கில் மலர்க் கண்காட்சி நடக்கும். பூக்களைப் பார்க்க வருவதானால் வாருங்கள், அமைதியைத் தேடி வராதீர்கள். கன்னடக் கார்த்திக மாதத்தின் கடைசித் திங்கட்கிழமையில் புல் டெம்பிள் சாலையில் கடலேகாயி பரிஷே என்ற வேர்க்கடலைத் திருவிழா நடக்கும். சுற்றுக் கிராமத்து உழவர்கள் புது வேர்க்கடலையைப் பசவண்ணன் என்னும் நந்திக்குப் படைத்து, சாலை நெடுகக் குவித்து விற்பார்கள். அது அவசியம் பார்க்கவேண்டிய திருவிழா. ஆனால் அதற்கென்று தனியாக ஒருமுறை வாருங்கள்.

வந்து சேர்வது

சென்னை, கோவை, மதுரையிலிருந்து இரவு ரயிலில் வந்து சிட்டி ஸ்டேஷனில் இறங்கினால், எதிரே மெஜஸ்டிக் மெட்ரோ. அங்கிருந்து பச்சை வழித்தடத்தில் தெற்கே போகும் ரயிலில் ஏறுங்கள். சிக்பேட்டே, கே.ஆர். மார்க்கெட், நேஷனல் காலேஜ், லால்பாக், சவுத் எண்ட் சர்க்கிள் என்று நிலையங்கள் வரிசையாக வரும். கடைசி மூன்றும் நமக்கு உதவும். ஞாயிற்றுக்கிழமை முதல் ரயில் மற்ற நாட்களைவிடத் தாமதமாகப் புறப்படும்.

பெங்களூர் கடல் மட்டத்திலிருந்து 900 மீட்டருக்கு மேல் இருக்கிறது. டிசம்பர், ஜனவரிக் காலைகளில் மெல்லிய சால்வையோ ஸ்வெட்டரோ கட்டாயம் வேண்டும். ஏப்ரல், மே மாதங்களில் மாலை இடிமழைக்குக் குடை வேண்டும். பிடிமானமுள்ள செருப்போ ஷூவோ எல்லா மாதமும் வேண்டும், நாம் ஏறப்போவது வழுக்குப் பாறை.

முதல் வழி: லால்பாக் மேற்கு வாசலிலிருந்து எம்.டி.ஆர். வரை

லால்பாக்கை ஹைதர் அலி 1760-இல் தொடங்கினார், திப்பு விரிவாக்கினார். இன்று சுமார் 240 ஏக்கர். இத்தனை பெரிய இடத்தில் முக்கால்வாசிப் பேர் கண்ணாடி மாளிகையைச் சுற்றியே நிற்பார்கள். நாம் எதிர்ப்பக்கத்திலிருந்து நுழைந்து, அங்கே கடைசியில் போவோம்.

1. லால்பாக் மெட்ரோவில் இறங்கி, பக்கத்திலுள்ள மேற்கு வாசலுக்கு 6 மணி வாக்கில் வந்துவிடுங்கள். காலை நடைக்கு வருபவர்களுக்குக் கட்டணமில்லாத நேரம் அது. 9 மணிக்குப் பிறகு டிக்கெட் எடுக்கவேண்டும்.

2. நேராக ஏரிக்கரைக்கு நடங்கள். ஓட்டக்காரர்கள் வேகமாகப் போவார்கள். நீங்கள் இடப்பக்கம் ஒதுங்கி, ஒரே வேகத்தில் நடந்தால் போதும். நீர்க்காகமும் கொக்கும் இந்த நேரத்தில் கரையோரமாகவே இருக்கும்.

3. ஏரிப்பக்கம் ஒரு பிரம்மாண்டமான இலவமரம் நிற்கிறது. அதன் வேர்கள் ஆளுயரத்துக்குச் சுவர்போல எழுந்து நிற்பவை. அருகில் ஐந்து நிமிடம் நில்லுங்கள். வேர்மேல் ஏறிப் படமெடுக்க வேண்டாம், பட்டை தேய்ந்துபோகிறது.

4. அங்கிருந்து பாறைக்குப் போங்கள். உச்சியில் பெங்களூரை நிறுவிய கெம்பேகவுடர் பெயரில் சிறு கோபுரம் இருக்கிறது. காலடியில் இருப்பது சுமார் 300 கோடி ஆண்டு வயதுள்ள பாறை. தேசிய நிலவியல் சின்னமாக அறிவிக்கப்பட்டிருக்கிறது. மேலே அமர்ந்தால் கிழக்கு வெளிச்சம் முகத்தில் அடிக்கும், நகரம் கீழே கிடக்கும். லால்பாக்கில் எனக்கு மிகவும் பிடித்த இடம் இதுதான். கண்ணாடி மாளிகையைத் தவற விட்டாலும் பரவாயில்லை, இதை விடாதீர்கள்.

5. இறங்கி, கண்ணாடி மாளிகையை வெளியிலிருந்து ஒரு சுற்று சுற்றுங்கள். 1889-இல் அடிக்கல் நாட்டியது. லண்டன் கிரிஸ்டல் பேலஸைப் பார்த்து உருவானது.

6. பிரதான வாசல் வழியாக வெளியேறினால் மாவள்ளி எம்.டி.ஆர். நடக்கும் தூரம்தான். 8 மணிக்குள் போய்ச் சேர்ந்தால் காத்திருப்பு குறைவு. பெயர் கொடுத்துவிட்டு, கூப்பிடும்வரை உட்காருங்கள்.

எம்.டி.ஆர். 1924-இல் சிறு காபிக் கடையாகத் தொடங்கியது. இரண்டாம் உலகப்போரின்போது அரிசித் தட்டுப்பாட்டில் ரவையில் இட்லி செய்து பார்த்தது இங்கேதான் என்பது அந்த உணவகத்தாரின் கூற்று. ஆகவே முதல்முறை போகிறவர் ரவா இட்லியையே கேளுங்கள். முந்திரி பதித்து, குருமா போன்ற சாகுவும் சட்னியும் உருகிய நெய்யும் கூட வரும். நெய்யை மொத்தமாகக் கவிழ்க்காமல் இட்லியைப் பிட்டு, ஒவ்வொரு துண்டின் மேலும் கொஞ்சம் விடுங்கள். அப்போதுதான் கறிவேப்பிலையும் கடுகும் தாளித்த வாசனை எழும்.

குறிப்பு: வீட்டில் பெரியவர்கள் இருந்தால் நான்காம் படியை மாற்றிக்கொள்ளுங்கள். அவர்களைப் பாறையடியில் நிழலில் அமர வைத்துவிட்டு, மற்றவர்கள் ஏறி இறங்கலாம்.

இரண்டாம் வழி: பிராமின்ஸ் காபி பார், பியூகிள் ராக், காந்தி பஜார்

ஒரு காலைதான் இருக்கிறது, எந்த வழி என்று கேட்டால் இதைத்தான் சொல்வேன். லால்பாக் எல்லோருக்கும் பொதுவான இடம். இது குடியிருப்பவர்களின் அன்றாடம்.

1. நேஷனல் காலேஜ் மெட்ரோவில் இறங்கி, சங்கரபுரம் சங்கர மடத்தைக் கேட்டு நடங்கள். மடத்தருகேதான் பிராமின்ஸ் காபி பார். 1965-இலிருந்து நடக்கும் கடை. நாற்காலி கிடையாது. 7 மணிக்கு முன்பே போய்விடுவது நல்லது.

2. கவுண்டரில் பணம் கட்டி, சீட்டு வாங்கி, ஜன்னலில் கொடுத்தால் தட்டு வரும். இட்லி, வடை, காரா பாத், கேசரி பாத், காபி, டீ. பட்டியல் அவ்வளவுதான். அதைக் குறையாக எண்ணாதீர்கள். சிலவற்றை மட்டும் செய்வதால்தான் ஒவ்வொன்றும் அந்தந்த நிமிடத்தில் ஆவியோடு வருகிறது.

3. சாம்பார் கேட்காதீர்கள், கிடையாது. தேங்காய்ச் சட்னிதான், அதுவும் தளரத் தளர. தட்டில் இட்லி மூழ்கும் அளவுக்கு ஊற்றுவார்கள், கேட்டால் மறுபடி ஊற்றுவார்கள். வடையை முதலில் சட்னியில் ஊறவிடுங்கள், இட்லியை முடிப்பதற்குள் பக்குவமாகிவிடும்.

4. இருவர் சேர்ந்து ஒரு இட்லி வடை, ஒரு காரா பாத் என்று நிறுத்திக்கொள்ளுங்கள். காபியை "பை டூ" என்று கேட்டால் ஒன்றை இரண்டாகப் பிரித்துத் தருவது பெங்களூர் வழக்கம். வயிற்றில் இடம் வேண்டும், இன்னும் ஒரு தோசை இருக்கிறது.

5. அங்கிருந்து புல் டெம்பிள் சாலைக்கு வந்து தெற்கே நடங்கள். ராமகிருஷ்ண ஆசிரமத்தைத் தாண்டியதும் சந்தடி குறையும். கொஞ்ச தூரத்தில் பாறையும் மரமுமாகப் பியூகிள் ராக் பூங்கா எழும்.

6. பூங்காவில் சுற்றுப்பாதையை விட்டுப் பாறைப் படிகளில் ஏறுங்கள். காவல்காரர்கள் ஊதுகொம்பு ஊதி எச்சரித்த குன்று இது என்று சொல்வார்கள். உயர்ந்த மரங்களில் பழந்தின்னி வௌவால்கள் கொத்துக் கொத்தாகத் தொங்கும். காலையில் அவை அடங்கும் நேரத்தில் கீச்சுக் கீச்சென்று சத்தம் கேட்கும். பூங்காவுக்குள் கன்னட எழுத்தாளர் டி.வி. குண்டப்பாவின் சிலை இருக்கிறது. இந்தத் தெருக்களில் வாழ்ந்து எழுதியவர் அவர். பக்கத்து கவிபுரத்தில் வாழ்ந்த மாஸ்தி வெங்கடேச ஐயங்காருக்குத் தாய்மொழி தமிழ். எழுதியது கன்னடத்தில், 1983-ஆம் ஆண்டுக்கான ஞானபீடமும் அதற்குத்தான்.

7. பூங்காவை ஒட்டியே தொட்ட பசவண்ணன் கோயில். கெம்பேகவுடர் காலத்துக் கோயில் என்பது வழக்கு. ஒற்றைக் கல்லில் செதுக்கிய நந்தி சுமார் 4.5 மீட்டர் உயரம். குடியிருப்புக்குப் பெயர் கொடுத்ததே இந்தப் பசவன்தான். பிரகாரத்தைச் சுற்றிவர ஐந்து நிமிடம் போதும். கீழே தொட்ட கணபதியையும் பார்த்துவிடுங்கள்.

8. வந்த வழியே திரும்பி காந்தி பஜாருக்கு நடங்கள். 9 மணிக்குள் பூக்கடைகள் நிரம்பிவிடும். கனகாம்பரம், சேவந்தி, மல்லிகை, வாழையிலைக் கட்டுகள். பூக்காரர்களைப் படமெடுக்க விரும்பினால் முதலில் ஒரு முழம் பூ வாங்குங்கள், பிறகு அனுமதி கேளுங்கள்.

9. அதே தெருவிலுள்ள வித்யார்த்தி பவனில் பெயரைக் கொடுங்கள். மாணவர்களை நம்பி 1943-இல் தொடங்கிய கடை, பெயரிலேயே அது இருக்கிறது. காத்திருக்கும் நேரத்தில் உள்ளே சுவர்களில் மாட்டியிருக்கும் கன்னட எழுத்தாளர்களின் கோட்டோவியங்களைப் பாருங்கள். சற்றுமுன் சிலையாகப் பார்த்தவரை அங்கே அடையாளம் காணலாம்.

10. மசாலா தோசை கேளுங்கள். நம் ஊர் தோசையை எதிர்பார்க்க வேண்டாம். இது சிறியது, தடித்தது. வெளியே நெய்யில் முறுகி, உள்ளே மெத்தென்று இருக்கும். வேட்டி கட்டிய பரிமாறுபவர் ஒரு கையில் பத்துக்கு மேற்பட்ட தட்டுகளை அடுக்கிக்கொண்டு வருவார். அவர் வரும் வழியில் எழுந்து நிற்காதீர்கள். இங்கும் சட்னிதான். தோசைமேல் ஊற்றட்டுமா, பக்கத்திலா என்று கேட்டால் பக்கத்தில் என்று சொல்லுங்கள். மேலே ஊற்றினால் முறுகல் போய்விடும்.

குறிப்பு: இந்த வழியைத் தலைகீழாக மாற்றாதீர்கள். தோசையை முதலில் சாப்பிட்டால் பாறை ஏற மனம் வராது, இட்லிக்குப் போகும்போது பசியும் இருக்காது.

பிற்பகலானால் கிருஷ்ணராவ் பூங்கா

காலையில் வரமுடியாதவர்கள் 4 மணிக்குமேல் சவுத் எண்ட் சர்க்கிளில் இறங்கி எம்.என். கிருஷ்ணராவ் பூங்காவுக்கு நடக்கலாம். மைசூர் சமஸ்தானத்தின் தற்காலிகத் திவானாக இருந்தவர் பெயரில் அமைந்தது. வெளியூர்க்காரர்கள் அநேகமாக வருவதில்லை. பெஞ்சில் பத்திரிகை படிக்கும் ஓய்வுபெற்றவர்களும், பேரப்பிள்ளையை ஊஞ்சலில் ஆட்டும் பாட்டிகளும்தான் இருப்பார்கள். இங்கே செய்யவேண்டியது எதுவுமில்லை. ஒரு புத்தகத்தோடு ஒரு மணிநேரம் உட்காருங்கள்.

படிப்பவரானால், பி.பி. வாடியா சாலையிலுள்ள இந்திய உலகப் பண்பாட்டு நிறுவனத்தின் நூலகத்தையும் எட்டிப் பாருங்கள். 1945-இல் அதைத் தொடங்கிய வாடியா, 1918-இல் சென்னைத் தொழிலாளர் சங்கத்தை உருவாக்கியவர்களில் முதன்மையானவர். திரு.வி.க.வோடு சேர்ந்து உழைத்தவர். சென்னையிலிருந்து வருகிறவர்களுக்கு அந்தச் சாலை அந்நியமில்லை.

மாலை விளக்கு வைத்தபின் பசி எடுத்தால் விஸ்வேஸ்வரபுரத்தின் தின்பண்டத் தெரு இருக்கிறது. சஜ்ஜன்ராவ் சர்க்கிளுக்குப் பக்கம். ஒப்பட்டு (நம் போளி), தோசை, பஜ்ஜி என்று வரிசையாகக் கடைகள். ஜனவரியையொட்டி அவரைக்கொட்டைப் பண்டங்களுக்கு அந்தப் பகுதி பேர்பெற்றது. அமைதி அங்கே கிடைக்காது, ருசி கிடைக்கும்.

கடையில் நடந்துகொள்ளும் முறை

இங்கே தமிழ் பலருக்குப் புரியும். ஆனாலும் நான்கு கன்னடச் சொற்களோடு தொடங்குவது மரியாதை, வேலையும் சீக்கிரம் நடக்கும்.

"எஷ்டு?" என்றால் எவ்வளவு.
"சட்னி ஹாக்கி" என்றால் சட்னி ஊற்றுங்கள்.
"ஸக்கரே கம்மி" என்றால் சர்க்கரை குறைவாக.
"பேடா" என்றால் வேண்டாம்.

காரா பாத் என்பது காரமான ரவை உப்புமா. அதோடு கேசரியும் பாதிப் பாதி வேண்டுமானால் பல கடைகளில் "சௌ சௌ பாத்" என்று கேட்கலாம். முதல்முறை வருகிறவர்களுக்கு அதைத்தான் பரிந்துரைப்பேன்.

வித்யார்த்தி பவனிலும் எம்.டி.ஆரிலும் முன்பின் தெரியாதவரோடு ஒரே மேசையில் உட்கார வைப்பார்கள். தயங்காமல் உட்காருங்கள், எது நன்றாக இருக்கிறது என்று எதிரில் இருப்பவரையே கேளுங்கள். சாப்பிட்டு முடித்ததும் எழுந்துவிடுங்கள். பின்னால் நிற்பவர் உங்கள் நாற்காலியைப் பார்த்துக்கொண்டுதான் இருப்பார். பேச்சு மிச்சமிருந்தால் பூங்கா இருக்கிறது.

வழக்கமாக நேரும் தவறுகள்

காரில் வருவது. காந்தி பஜாரில் வண்டி நிறுத்த இடம் தேடுவதிலேயே காலை போய்விடும். வீட்டு வாசல்களில் நிறுத்தினால் குடியிருப்பவர்கள் வெளியே வரமுடியாது.

முதல் கடையிலேயே வயிறு நிறைய உண்பது. ஆளுக்கு ஒரு பிளேட் என்று ஆர்டர் செய்யாமல், பகிர்ந்து உண்ணுங்கள்.

நடுப்பகலில் பூங்கா தேடுவது. மாநகராட்சிப் பூங்காக்களை நண்பகலில் பூட்டி வைப்பது இந்த ஊரின் நெடுநாள் வழக்கமாக இருந்தது. இப்போதும் காலை 10 மணிக்குள்ளோ மாலை 4 மணிக்குப் பிறகோ திட்டமிட்டால் ஏமாற்றமில்லை.

பூங்காவில் ஸ்பீக்கரில் பாட்டு வைப்பது. அந்த அமைதிக்காகத்தான் பக்கத்துத் தெருக்காரர்கள் 5 மணிக்கு எழுந்து வருகிறார்கள். பாட்டு வேண்டுமானால் காதில் மாட்டிக்கொள்ளுங்கள்.

பாதுகாப்பு

1. மழை பெய்த அன்றும் மறுநாள் காலையும் லால்பாக் பாறையிலும் பியூகிள் ராக்கிலும் சரிவுப்பக்கம் இறங்காதீர்கள். பாசி கண்ணுக்குத் தெரியாமலே வழுக்கும்.

2. பலத்த காற்றோடு மழை வந்தால் மரத்தடியில் ஒதுங்காதீர்கள். பெங்களூரில் ஒவ்வொரு கோடைமழையிலும் பழைய மரக்கிளைகள் முறிந்து விழுகின்றன. கூரையுள்ள கட்டிடத்துக்குப் போங்கள்.

3. உயரமான மரங்களிலும் பாறை இடுக்குகளிலும் தேன்கூடு தெரிந்தால் அடியில் நிற்காமல் விலகுங்கள். புகை போடுவது, கல்லெறிவது கூடவே கூடாது. தேனீ துரத்தினால் முகத்தைத் துணியால் மூடிக்கொண்டு ஓடுங்கள், ஓரிடத்தில் நின்று கையை வீசாதீர்கள்.

4. வௌவால் தொங்கும் மரத்தடியில் கிடக்கும் கடித்த பழங்களைக் குழந்தைகள் எடுக்காமல் பார்த்துக்கொள்ளுங்கள். விழுந்து கிடக்கும் வௌவாலையும் தொடக்கூடாது.

5. சர்க்கரை நோயாளிகள் மருந்துவேளைக்கு ஏற்ப வழியை அமைத்துக்கொள்ளுங்கள். முதல் வழியில் வெறும் வயிற்றில் நீண்ட நடை வேண்டியிருப்பதால் இரண்டாம் வழியே ஏற்றது. முந்திரி ஒவ்வாதவர்கள் ரவா இட்லி, கேசரி, காரா பாத் மூன்றையும் கேட்டுவிட்டுச் சாப்பிடுங்கள்.

6. தண்ணீர் பாட்டிலைக் கையோடு கொண்டுவாருங்கள். உணவகங்களில் வெந்நீர் கேட்டால் பெரும்பாலும் தருவார்கள்.

கட்டிக்கொண்டு போவதானால்

இரவு ரயிலில் திரும்புகிறவர்கள் தோசையைப் பார்சல் வாங்காதீர்கள். அரைமணியில் துவண்டுவிடும், சட்னியும் இரவுவரை தாங்காது. விஸ்வேஸ்வரபுரத்தில் ஒப்பட்டு வாங்குங்கள், அதிலும் தேங்காய் ஒப்பட்டைவிடப் பருப்பு ஒப்பட்டே பயணத்துக்கு ஏற்றது. சூடாக இருக்கும்போதே மூடிக் கட்டினால் வியர்த்துப் பிசுபிசுக்கும். ஆறவிட்டு, வாழையிலையிலோ எண்ணெய்த்தாளிலோ ஒன்றின்மேல் ஒன்று ஒட்டாமல் அடுக்கித் தரச் சொல்லுங்கள். மறுநாள் காலை ஊரில் தோசைக்கல்லில் துளி நெய் விட்டுச் சூடாக்கிக்கொள்ளலாம்.